தளிர் வெளுப்பும் இரும்புச் சத்தும்

கேள்வி: மீன்தொட்டியில் போர் தண்ணீரில் வளரும் செடிகளின் தளிர்கள் மட்டும் வெளுப்பது ஏன்? (வாசகர், வில்லியனூர்)

பதில்: செடிக்குள் இடம்பெயரவல்ல தழைச்சத்தோ சாம்பல்சத்தோ குறைந்தால், முதிர்ந்த இலைகளிலுள்ளது தளிருக்குச் சென்றுவிடுவதால் கீழிலைகளே முதலில் பழுக்கும். எளிதில் இடம்பெயராத இரும்பு குறைந்தால், தளிர் வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். ஏரிச் சேற்றில் ஆக்சிஜன் குறைவாதலால் இரும்பு கரைந்த நிலையில் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளின் வேருக்குக் கிடைக்கிறது. தொட்டியின் காற்றோட்டமான நீரிலோ, குறிப்பாகக் காரத்தன்மை மிகுந்திருந்தால், அது துருவாகப் படிந்துவிடுகிறது. ஆகவே வெறும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) இடுவது வீண். இரும்பைப் பற்றிக்கொண்டு கரைநிலையில் வைத்திருக்கும் டி.டி.பி.ஏ. என்னும் சேர்மத்துடன் பிணைத்த இரும்பையே, லிட்டருக்கு சுமார் 0.1 மில்லிகிராம் அளவில், வாரம் ஒருமுறை இடுவது தகும். வெளுத்த இலை பெரும்பாலும் முழுப் பச்சைக்கு மீளாது. அடுத்து விரியும் தளிரின் நிறத்தைக் கண்டே பலனை அறிய வேண்டும்.