மலையிடுக்கில் காவிரி

நுழையும்முன்

சமவெளியில் அமைதியாக நடக்கும் காவிரிக்கு மலையிடுக்கில் வேறொரு முகம் உண்டு. அதனைக் காணச் செல்லும் பயணம் கண்ணுக்கு விருந்தாவதோடு, ஆற்றின் இயல்பையும் அறிவிக்கிறது.

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்துள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து வயல்களை நாடுகிறது. இந்நீர் வந்த வழியைத் தேடிச் செல்வோர் திருச்சிராப்பள்ளி, சேலம் வழியாகத் தருமபுரியை அடைவர்.

மலைச்சாலை

பென்னாகரத்தைக் கடந்ததும் சாலை காட்டினூடே வளைந்து வளைந்து கீழிறங்குகிறது. இத்தகைய இறக்கத்தில் தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்வதே முறை. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

புகையும் பாறை

கன்னடத்தில் 'ஒகே' என்பது புகை. 'கல்' என்பது பாறை. அருவிநீர் பாறைகளில் மோதித் திவலைகளாகப் புகைபோல் எழுவதால் இவ்விடம் ஒகேனக்கல் எனப் பெயர் பெற்றது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே பரிசல்கள் செல்கின்றன. மூங்கிலால் பின்னப்பட்ட வட்டமான பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் அதனைச் சுழலாமல் செலுத்துவது பரிசல் ஓட்டியின் கைத்திறன். உயிர்காப்பு மேலாடை அணியாமல் அதில் ஏறுதல் கூடாது.

ஒரே வெள்ளம், இரு முகம்

தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அளவிடப்படுகிறது. அது பெருகும்போது பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிருவாகம் தடை விதிக்கும். நெடுந்தொலைவு வந்த பயணி ஏமாற்றம் அடைகிறார்; பரிசல் ஓட்டி அன்றைய கூலியை இழக்கிறார். ஆயினும் அவ்வெள்ளமே 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை, அதன் முழு நீர்மட்டமான 120 அடியை நோக்கி உயர்த்துகிறது. குறுவைக்காகச் சூன் 12ஆம் நாளில் அணை திறக்கப்படுமா என எதிர்நோக்கும் நீடாமங்கலத்து உழவருக்கு அச்செய்தி நாற்றங்கால் அமைக்கும் நம்பிக்கையைத் தருகிறது.

அருவியைக் காண இயலாமல் திரும்பும் பயணி இதனை அறிந்திருந்தால் அவர் ஏமாற்றம் தணியும். நாம் விரும்பும் நாளில் இன்பம் தருவது ஆற்றின் கடமையன்று; அதன் போக்கறிந்து ஒதுங்கி நிற்பதே நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. ஒகேனக்கல்லில் விதிக்கப்படும் தடை, டெல்டா உழவர்க்கு நற்செய்தியாவது எவ்வாறு?

2. உம் ஊர் வாய்க்காலில் பாயும் நீர் கடந்துவரும் வழியை வரைபடமாக வரைந்து வகுப்பறையில் விளக்குக.