கியர் பெட்டியைப் பிரிக்கும் முன்பு

சேற்றுழவு முடிந்த கையோடு டிராக்டரில் கியர் போட்டால் ‘கரகர’வென்று உரசுகிறதா? உடனே பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள். செலவு ஒருபுறம் இருக்க, நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் உரசினால், கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள். தொடக்கத்தில் சிறிது தூரம் தளர்வாக இறங்கி, பிறகே இறுக வேண்டும். பல டிராக்டர்களில் இத்தளர்வு சுமார் ஓர் அங்குலம். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். தளர்வு அதிகமானால் கிளட்ச் முழுவதும் விடுபடாது, கியர் உரசும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. (பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுபவர்களுக்கும் இதே கதிதான்.) பெரும்பாலான வண்டிகளில் இணைப்புக் கம்பியின் நட்டைத் திருகியே இதைச் சரிசெய்யலாம்.

அடுத்து, கியர் எண்ணெய். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ரக எண்ணெயை அளவாக ஊற்றுங்கள். தண்ணீர் புகுந்த வழியையும் அடைக்க வேண்டும்.

வடித்த எண்ணெயில் இரும்புத் துண்டுகள் தென்பட்டாலோ, போட்ட கியர் தானே நழுவினாலோ மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். அதுவரை அந்த வண்டியில் டிரெய்லர் மாட்டிச் சரிவில் இறங்காதீர்கள். கியர் நழுவினால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும். பின்னால் உள்ள சுமையே டிராக்டரைத் தள்ளத் தொடங்கிவிடும்.