காரைத் தாழ்த்த நினைக்கும் தம்பிகளுக்கு

சித்தூர், திருப்பதிப் பக்கம் பழைய ஸ்விஃப்ட் ஒன்று கைக்கு வந்ததும் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி: "அண்ணா, கம்மி செலவில் லோ பண்ண முடியுமா?" முடியும். எங்கே காசை மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதை மட்டும் தெரிந்துகொள்.

1. முதலில் சட்டத்தைக் கேள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அளவிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதே.

2. டயரில் தொடங்கு. 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் கீழ் வகையில் 165/80 ஆர்14; மேல் வகைக்குக் கம்பெனியே போடுவது 185/65 ஆர்15. இரண்டின் வெளி விட்டமும் ஏறக்குறைய ஒன்று, வித்தியாசம் 2 மி.மீ.தான். ஆனால் வண்டி நிறைவாகத் தெரியும். பாதி ஆசை இதிலேயே அடங்கிவிடும்.

3. மிச்ச ஆசைக்கு ரோட்டைப் பார்த்து அளவு வை. அந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. நாற்பதைக் குறைத்தால் 123. ஆள் ஏறி, டிக்கியில் மூட்டை வைத்தால் இன்னும் இறங்கும். விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நம் ஊர்த் தெருக்களில் அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். 25 மி.மீ.க்கு மேல் கேட்காதே.

4. ஸ்பிரிங்கை வெட்டாதே. வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும். சக்கரம் மேலே போக இருக்கும் இடமும் குறையும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவும். கேஸ் வைத்துச் சுட்டு இறக்குவது இன்னும் மோசம்: எஃகின் பதம் போய்விடும், உட்கார்ந்துகொண்டே போகும்.

5. காசை ஷாக்கில் போடு. தேய்ந்த ஷாக் அப்சார்பரின் மேல் புது லோயரிங் ஸ்பிரிங் போட்டால் வண்டி குதிக்கும். ஷாக், மேல் மவுண்ட், புஷ், பிறகு ஸ்பிரிங். காசு போதவில்லையா, ஸ்பிரிங்கை அடுத்த வருஷம் வாங்கு.

6. பழைய உதிரிபாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் ரிம் வாங்கு, பிராக்கெட் வாங்கு. பழைய ஷாக் மட்டும் வாங்காதே. எண்ணெய்க் கசிவைத் துடைத்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

7. ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரெசரை வாடகைக்காவது எடு. கயிறும் கம்பியும் கட்டிக் கழற்றுகிறவன் பக்கத்தில் நிற்காதே. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கை, முகம் எதுவும் மிஞ்சாது.

8. மாட்டியதும் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் டோவும் கேம்பரும் மாறும். விட்டால் டயரின் உள்விளிம்பு நூல் தெரியத் தேயும். மிச்சம் பிடித்த காசு டயர்க் கடைக்குப் போகும். ஹெட்லைட்டின் மட்டத்தையும் சரிசெய்.

9. மலையடிவார அலிபிரியைத் தாண்டும் முன் சோதி. 1944-இல் போட்ட முதல் மலைப்பாதையில்தான் திருமலையிலிருந்து இறங்குகிறோம். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒர்க் ஷாப்பிலேயே ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார். டயர் எங்கேயாவது உரசினால் மலைக்குப் போகாதே.

10. கழற்றிய ஸ்பிரிங்கை இரும்புக் கடைக்குப் போடாதே. எஃப்.சி.க்குப் போகும்போதும், வண்டியை விற்கும்போதும், வீட்டில் பெரியவர்கள் முதுகு வலிக்கிறது என்னும்போதும் அது வேண்டும். திருப்பி மாட்ட முடியாத எந்த வேலையையும் வண்டியில் செய்யாதே.