புத்துயிர் அளித்தார் யாவர்?

ஒரு கோயிலை நோக்கி, 'இஃது அரசன் கட்டியது' என்பாரும் உளர்; 'தச்சன் கட்டியது' என்பாரும் உளர். இருவர் கூற்றும் பொய்யன்று. நம் இலக்கண நூலார் மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் கூறுமிடத்து, வினைமுதலை ஏவுதற் கருத்தா எனவும் இயற்றுதற் கருத்தா எனவும் இருவகைப்படுத்தினர்; கருவியை வேறாக வைத்தனர். இப் பகுப்பு வகுப்பறைக்கு மட்டும் உரியதென மாணாக்கர் பலர் எண்ணுவர். பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் கதையொன்றின் சுவைஞரிடையே இருபது ஆண்டுகட்கு மேலாக நிகழ்ந்துவரும் வழக்கொன்றை ஆராய்ந்தவிடத்து, அதிற் பாதி இப் பகுப்பை நோக்காமையான் எழுந்ததென எமக்குத் தோன்றிற்று. அதனை ஈண்டு விளக்குவாம்.

'டாக்டர் ஹூ' என்பது அக் கதையின் பெயர். பி.பி.சி. நிறுவனத்தார் 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் இதனை முதன்முதல் ஒளிபரப்பினர். நாடகப் பகுதித் தலைவர் சிட்னி நியூமன் கருத்தைத் தூண்டினார். வெரிட்டி லாம்பெர்ட் என்னும் இளநங்கையார் தயாரிப்பாளராக அமர்ந்தார். முதற் கதையை இயக்கியவர் நம் நாட்டு இலட்சுமணபுரியிற் பிறந்த வாரிஸ் ஹுசைன். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுலகத்தார் ஒருவர், காவலர்க்குரிய நீலப்பெட்டி வடிவமைந்த ஊர்தியில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து செல்லுதலே கதைப்பொருள். முதல் நடிகராகிய வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலங் குன்றி 1966-இல் விலகியபோது, கதைத்தலைவர் தம் உடலும் இயல்பும் மாறி வேறுருக் கொள்வார் என்றோர் உபாயம் வகுத்து, பேட்ரிக் டிரவுட்டனை அவ்விடத்து நிறுத்தினர். இது கூடுவிட்டுக் கூடு பாய்தலன்று, கூடே உருமாறுதல். பின்வந்த அனைத்திற்கும் உயிர்நிலை இவ் வுபாயமே என்பதை நினைவிற் கொள்க.

இருபத்தாறு ஆண்டுகள் நடைபெற்ற அக் கதை, காண்போர் தொகை சுருங்கியமையால் 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாளோடு நின்றது. 2005-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் மீண்டுந் தோன்றியபோது, பிரிட்டனில் 1 கோடியே 8 இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர். இடைப்பட்ட பதினைந்தாண்டு உறக்கத்தினின்றும் அதனை எழுப்பியவர் யாவர்? இதுவே வழக்கு.

பெரும்பாலோர் கூறும் விடை ரஸ்ஸல் டி. டேவீஸ் என்பது. புதிய தொடரின் தலைமை எழுத்தாளரும் பொறுப்பாளருள் முதல்வரும் அவரே. முதல் ஆண்டிற்குரிய 13 பகுதிகளுள் 8 அவர் எழுதியவை. இதனை மறுப்பார், 'ஆணையின்றி எழுத்தாளன் என் செய்வான்? பி.பி.சி. முதல் அலைவரிசைத் தலைவியாகிய லொரெயின் ஹெகெஸி அம்மையாரன்றோ இதனை விரும்பிக் கேட்டவர்?' என்பர். அதுவும் மெய்யே. நிறுவனத்தின் வணிகப் பிரிவினர் இக் கதையைத் திரைப்படமாக்கக் கருதி உரிமையைப் பற்றிக்கொண்டிருந்தனர். ஆண்டுகள் பல கழிந்தும் படம் உருவாகவில்லை. அத் தடையை நீக்கி, 2003-ஆம் ஆண்டு செப்டம்பரிற் புதிய தொடர் வரும் என்று அறிவித்தவர் ஹெகெஸி. நாடகங்கட்கு ஆணையளிக்கும் பொறுப்பிலிருந்த ஜேன் டிரான்டரும், வேல்ஸ் நாட்டு நாடகப் பகுதித் தலைவி ஜூலி கார்ட்னரும் அவருக்குத் துணைநின்றனர். தொடர் இலண்டனை விடுத்துக் கார்டிப் நகரில் உருவானமைக்குக் காரணம் இதுவே.

நிற்க. ஹெகெஸியை ஏவுதற் கருத்தா என்றும், டேவீஸை இயற்றுதற் கருத்தா என்றும் கொண்டால் வழக்குத் தீர்ந்ததன்றோ எனின், முற்றுந் தீர்ந்திலது. அரசன் ஏவிய கோயிலை இன்ன தச்சனே கட்டவேண்டுமென்பதில்லை. ஈண்டோ, டேவீஸ் இக் கதையைத் தமக்குத் தருமாறு முன்னரே பன்முறை கேட்டிருந்தார். அவருடைய ஆற்றலைத் தம்பால் ஈர்க்க நிறுவனத்தாரும் விரும்பினர். அவர் எழுதி, கிறிஸ்டபர் எக்கிள்ஸ்டன் நடித்து, 2003-இல் வேறு நிறுவனத்தார் ஒளிபரப்பிய 'இரண்டாம் வருகை' என்னும் நாடகம் அவர் பெயரை உயர்த்தியிருந்தது. ஆகவே, தச்சனே அரசனை நாடி ஏவல் பெற்றான் என்பது பொருந்தும். ஏவியவர், இயற்றியவர் என்னும் இரண்டும் ஒருவர்பால் ஓரளவு கலந்துநின்ற அருமை இங்கு உண்டு.

இனி, மூன்றாவது கட்சியார் உளர். அவர் கூறுவது: 'கதை உறங்கவேயில்லை, சுவைஞர்களே அதனைப் பேணினர்' என்பது. 1991 முதல் புதினங்கள் வரிசையாக வெளிவந்தன. 1999 முதல் ஒலிநாடகங்கள் வெளிவந்தன. டேவீஸே 1996-இல் அவ் வரிசையில் ஒரு புதினம் எழுதினார். ராபர்ட் ஷியர்மன் 2003-இல் எழுதிய ஒலிநாடகமே 2005-ஆம் ஆண்டுத் தொடரில் 'டாலெக்' என்னும் பகுதிக்கு வித்தாயிற்று. பால் கார்னெல் 1995-இல் எழுதிய புதினம் 2007-இல் திரையேறிற்று. இக் கட்சியின் வன்மை சிறிதன்று. எனினும் அன்பு ஒன்றே போதுமாயின், 1996-இற் பால் மெக்கான் நடித்து வெளிவந்த தொலைக்காட்சிப் படத்தோடு கதை மீண்டிருத்தல் வேண்டும். பிரிட்டனில் ஏறக்குறைய 90 இலட்சம் மக்கள் அதனைக் கண்டும், அமெரிக்காவில் வரவேற்புக் குன்றியமையால் தொடராகாமல் ஒழிந்தது. பழஞ்செய்திகளை அறியாத புதியோர் அப் படத்தின் தொடக்கத்திலேயே திகைத்திருப்பர் என்பது எம் கருத்து. அன்பு நெருப்பை அவியாமற் காத்தது. அடுப்பை மூட்டியது வேறு கை.

மற்றொரு செய்தி இதனினும் நுட்பமானது. 2003 ஜூலையில், ரிச்சர்டு இ. கிராண்டு என்பவரே ஒன்பதாம் டாக்டர் என்று பி.பி.சி.யின் இணையப் பிரிவினரே அறிவித்தனர். அவர் குரல்கொடுத்த உயிரோவியக் கதை நவம்பரில் வெளிவந்தது. அதற்குள் செப்டம்பர் அறிவிப்பு முந்திக்கொண்டமையால், அவர் வரிசையினின்றும் நீங்கினார். ஒன்பதாமவர் என்னும் பெயர் எக்கிள்ஸ்டனைச் சார்ந்தது. ஒரே இல்லத்தில் இரு தொட்டில் கட்டப்பட்டு, ஒன்று வறிதாயிற்று. வென்றவரை மட்டும் எழுதும் வரலாற்றில் இத்தகையோர் அடிக்குறிப்பாய் நின்றுவிடுகின்றனர்.

டேவீஸ் செய்ததுதான் யாது? நம்மவர் நூலை முதல், வழி, சார்பு எனப் பகுத்து, முதனூலின் முடிபோடு ஒத்து, வேண்டுமிடத்து வேறுபடுவதே வழிநூல் என்றனர். டேவீஸ் ஆக்கியது வழிநூல். பழங்கதையை அழித்துப் புதிதாய்த் தொடங்கினாரல்லர். 1970-களில் சேரா ஜேன் ஸ்மித்தாக நடித்த எலிசபெத் ஸ்லேடன் 2006-இல் அதே பாத்திரமாகத் தோன்றியமையே சான்று. ஆனால், டாக்டருடைய தாயுலகம் ஒரு பெரும்போரில் அழிந்தொழிந்தது என்று ஒரே அடியில் வகுத்து, பழஞ்செய்தியின் சுமை முழுவதையும் இறக்கிவிட்டார். கதையை டாக்டரிடத்தன்றிக் கடையொன்றிற் பணிசெய்யும் ரோஸ் என்னும் இலண்டன் நங்கையிடத்துத் தொடங்கினார். அவள் அறியாததைப் பார்ப்போரும் அறியார், அவளோடு உடன்கற்பர். அவளுக்குத் தாயும், காதலனும், அடுக்குமாடி இல்லமும் உண்டு. அவள் போனபின் வீட்டார் படுந்துயரும் கதையுள் அடங்கிற்று. இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாய்ப் பல வாரம் நீண்ட பழைய முறையை விடுத்து, நாற்பத்தைந்து நிமிடத்துள் பெரும்பாலும் ஒரு கதையை முடித்தார். எம் தீர்ப்பு வேண்டுவார்க்கு, தலைமைப் புகழை இவ் வகுப்புமுறையின் பொருட்டு அவர்க்கே உரியதாக்குவோம்.

எனினும் அவர் முதலாண்டே தலைமை நடிகரை இழந்தார். முதற்பகுதி ஒளிபரப்பான சில நாளுள், எக்கிள்ஸ்டன் நீங்குவார் என்ற செய்தி வெளிவந்தது. டேவிட் டென்னன்ட் அவ்விடத்து வந்தார், கதை தளரவில்லை. அன்று காத்தது 2005-ஆம் ஆண்டு அறிவன்று. 1966-இல் நோயுற்ற நடிகர் ஒருவர்பொருட்டு வகுத்த உபாயம். புதுப்பித்தவரைப் போற்றுவார் அதனையும் கணக்கிற் சேர்த்தல் முறை.

கருவி என்று இலக்கணம் வேறாக வைத்ததைப் பற்றி இன்னும் ஒன்று. உளியைக் கருவி என்பது தகும். மனிதரை அவ்வாறு எண்ணலாகாது. டாலெக் என்னும் பகைவரைக் கதையிற் படைத்த டெர்ரி நேஷன் உரிமைப்பங்கால் பெரும்பொருள் ஈட்டினார். உலகெலாம் அறிந்த அவ்வுருவை வரைந்த ரேமண்டு கியூசிக், சம்பளம் பெறும் ஊழியராதலின், அப் பங்கு பெற்றிலர். தொடக்க இசையை எழுதியவர் ரான் கிரெய்னர். அவர் தாளில் எழுதியதை, நாடாத்துண்டுகளை வெட்டி ஒட்டி, எந்த இசைக்கருவியும் எழுப்பாத ஒலியாக ஆக்கியவர் டெலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணியார். தம் பங்கில் அவர்க்கும் உரிமை நல்கக் கிரெய்னர் விரும்பினார். நிறுவன விதி இடந்தரவில்லை. 2005-இல் புதுக்கிய இசையிலும் அவர் ஆக்கிய ஒலிகள் கலந்திருந்தன. அவர் 2001-இல் மறைந்தார். 2013-இல் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையின் இறுதியிலேதான் அவர் பெயர் திரையில் எழுதப்பெற்றது.