பீடியை விடுதலும் அன்றாடப் பழக்க மாற்றமும்

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் பீடியை விட்டொழிப்பதென்று உறுதி பூண்டவர் பலர். அவ்வுறுதியில் நிலைத்தவர் சிலரே. இதனை மனவலிமைக் குறைவு என்று சொல்லிவிடுதல் எளிது. உற்று நோக்குங்கால், நாளின் சில குறிப்பிட்ட வேளைகளோடு பீடி பின்னிக் கிடப்பது புலனாகும். அவ்வேளைகளை மாற்றாமல் பீடியை மட்டும் அகற்ற முயல்வதே தவறு.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளரை எடுத்துக்கொள்வோம். அதிகாலையிலேயே மரப்பட்டையைச் சீவி முடித்தபின், பால் வடிந்து சிரட்டையில் சேரும்வரை காத்திருக்க வேண்டும். வெறும் வயிறு, ஒரு கட்டன்சாயா, கையில் பீடி. இந்த இடைவேளையில்தான் பழக்கம் வேரூன்றுகிறது. பீடி எளிதில் அணைந்துவிடுமாதலால் அடிக்கடி இழுக்க நேர்கிறது. ஆகவே அதில் புகையிலை குறைவாயினும், தீங்கு சிகரெட்டினும் குறைந்ததன்று.

கைவிட்டபின் முதல் சில நாட்கள் மிகக் கடினமானவை. எரிச்சலும் தூக்கமின்மையும் சில வாரங்கள் தொடரலாம். எனினும் புகைக்கும் வேட்கை எழும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நிமிடங்களைக் கடத்தவே ஏற்பாடு வேண்டும். காத்திருக்கும் வேளையில் பழங்கஞ்சி அருந்தலாம். பக்கத்து மரச்சீனி விளையில் களை பறிக்கலாம். வாயில் கிராம்பு அடக்கிக்கொள்ளலாம். பீடிக்குப் பதிலாக வெற்றிலையும் புகையிலையும் மெல்லுதல் மட்டும் ஆகாது.

தேநீர் பற்றிய ஒரு செய்தியைப் பலர் அறியார். புகைப்பவர் உடலில் தேநீரிலுள்ள காபீன் விரைவில் கழிந்துவிடும். புகையை நிறுத்தியதும் அது நெடுநேரம் தங்கும். முன்போலவே தேநீர் அருந்துவோர், அதனால் வரும் படபடப்பைப் பீடி இல்லாத குறையென்று எண்ணி மீண்டும் பற்றவைப்பர். இதை எழுதுபவனும் சிகரெட்டை இருமுறை விட்டுத் தோற்றவனே. மூன்றாம் முறை தேநீரைப் பாதியாகக் குறைத்த பின்னரே இரவில் உறக்கம் வந்தது.

பொது இடங்களில் புகைத்தலைக் கேரள உயர்நீதிமன்றம் 1999-இல் தடுத்தது எல்லையோரத்து நமக்குப் புதிய செய்தியன்று. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளால் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் அத்தடை உறுதியாக்கப்பட்டது. தேநீர்க்கடையும் பொது இடமே. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்றலும் குற்றம். அபராதத்தைச் சொல்லி அச்சுறுத்துவதினும், கடைக்காரர்களை அழைத்துப் பேசி, பீடியை நிறுத்தியவர் புகைநெடியின்றி அமர்ந்து தேநீர் அருந்த வழி செய்தல் பஞ்சாயத்து உறுப்பினர்களால் இயலும். தனியே முடியாதவர் 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவைத்தல் நன்று.