மங்கலான படத்துக்குப் பரிசா?

கேள்வி: போட்டித் தலைப்பு 'உழைப்பு'. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் அருமையான விடியல் படம் இருக்க, சற்று மங்கிய சிற்பக்கூடப் படத்துக்குப் பரிசு தரலாமா?

பதில்: தாராளமாகத் தரலாம். கிழக்கு பார்த்த கோயில் அது; காலை வெயில் தானாக வந்து விழும். அந்த அழகில் பெரும்பங்கு ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிற்பிகளுடையது. படமெடுத்தவர் எதைத் தேர்ந்தார் என்பதல்லவா நடுவருக்குக் கேள்வி? கோயிலும் உழைப்புதானே என்பீர்கள். அப்படியானால் அதே ஊரில் உள்ள, முற்றுப்பெறாத பிடாரி ரதத்தின் உளித்தழும்புகளைப் பக்கவெளிச்சத்தில் காட்டியிருக்கலாமே! மங்கலிலும் வகை உண்டு. 1/30 வினாடி ஷட்டரில் சுத்தியல் மட்டும் மங்கினால் அது வேலையின் வேகம். சிற்பியின் கண்ணும் மங்கினால் கேமரா ஆடியிருக்கக்கூடும், மதிப்பெண்ணைக் குறையுங்கள். தோற்றவருக்கும் காரணத்தை எழுதித் தர வேண்டும். வெறும் 'அருமை' என்பது நடுவரின் சோம்பல்.