டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தில் ஒரு பெயர்

அன்புள்ள மலர்விழிக்கு,

மாமா எழுதுகிறேன். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் அயலக உயர்கல்வி உதவித்தொகை உனக்குக் கைகூடியதை அக்கா போனில் சொல்லும்போதே அவளுக்குப் பேச்சு வரவில்லை. வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் மெல்போர்னுக்குப் படிக்கப் போகிறாள் என்பது நம் குடும்பத்துக்கு மட்டுமல்ல, கல்வராயன் மலைக்கே பெருமை. அந்தப் பயணத்தின் முதல் வாசல் திருச்சி விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டர். அங்கே நீ தடுமாறாமல் நிற்க வேண்டும். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிக்கெட்டை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கள்ளக்குறிச்சியில் பல காலம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் என்பதால், எந்த இடத்தில் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் டிக்கெட்டில் இரண்டு விமானங்கள் இருக்கின்றன. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் மற்றொன்று. இரண்டுக்கும் எஸ்.க்யூ என்று தொடங்கும் எண்தான் போட்டிருக்கிறது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குறியீடு. ஆனால் முதல் விமானத்தின் கீழே சின்ன எழுத்தில் ‘ஆப்பரேட்டட் பை ஸ்கூட்’ என்று ஒரு வரி இருக்கிறதே, பார்த்தாயா? நீ ஏறப்போவது ஸ்கூட் விமானம். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கே சொந்தமான மலிவுக் கட்டண நிறுவனம். அதற்கென்று தனியாக டி.ஆர் என்ற குறியீடு உண்டு. ஒரே விமானம் இரண்டு எண்களோடு பறக்கிறது. இதற்குத்தான் கோட்ஷேர் என்று பெயர்.

நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் பதிவு செய்த கரும்பு சில பருவங்களில் வேறு ஆலைக்கு அரவைக்குப் போகும். பதிவு ஓரிடம், அரவை வேறிடம். பணம் வராவிட்டால் எந்த ஆலையின் வாசலில் நிற்பது என்று தெரிந்தவருக்கே வேலை நடக்கும். விமானத்திலும் விற்றவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர். எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

முதலில் செக்-இன். விமானத்தை ஓட்டுகிற நிறுவனந்தான் உன்னை ஏற்றிக்கொள்கிறது. ஆகவே திருச்சியில் நீ போய் நிற்க வேண்டியது ஸ்கூட் கவுண்டரில். பெயர்ப்பலகையில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸைத் தேடிக்கொண்டிருக்காதே. விமான நிலையத்தின் திரையில் ஒரே நேரத்துக்கு இரண்டு எண்கள் மாறி மாறி வரும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், இரண்டும் உன் விமானந்தான். ஆன்லைனில் செக்-இன் செய்யும்போது ஒரு நிறுவனத்தின் தளம் உன் ஆறு எழுத்து பி.என்.ஆரை ஏற்காமல் போகலாம். கோட்ஷேர் டிக்கெட்டில் விற்ற நிறுவனத்துக்கு ஒரு பி.என்.ஆர், ஓட்டும் நிறுவனத்துக்கு வேறொரு பி.என்.ஆர் இருப்பது சகஜம். விற்றவரை அழைத்து, “ஓட்டும் நிறுவனத்தின் பி.என்.ஆர் என்ன?” என்று கேள், சொல்லிவிடுவார்கள். 618 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணையும் ஒரு தாளில் தனியாக எழுதி வை. முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனத்தைக் காட்டும். 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 என்றால் ஏர் இந்தியா. டிக்கெட்டுக்குப் பொறுப்பு யார் என்பதை அந்த மூன்று இலக்கமே சொல்லிவிடும்.

அடுத்தது பை. நம் ஆட்கள் அதிகமாகப் பணம் இழப்பது இதில்தான். டிக்கெட்டில் ‘பேக்கேஜ்’ என்ற கட்டத்தைப் பார். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கே’ என்று இருந்தால் மொத்த எடைக் கணக்கு. அந்த எடைக்குள் ஒரு பையாகவும் கட்டலாம், இரண்டாகவும் கட்டலாம். ‘பீசி’ என்று இருந்தால் பைகளின் எண்ணிக்கைக் கணக்கு. அப்போது ஒவ்வொரு பைக்கும் தனி எடை வரம்பு உண்டு, பெரும்பாலும் 23 கிலோ. ஒரு பையில் இரண்டு கிலோ கூடி, மற்றொன்றில் ஐந்து கிலோ குறைந்திருந்தாலும் கூடிய பைக்குப் பணம் கேட்பார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரே பை 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகைக் காக்கும் விதி அது.

யாருடைய விதி செல்லும் என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுபோகும் பயணங்களுக்கு ஐயாட்டா என்ற உலக விமான நிறுவனங்களின் சங்கம் 2011-ல் ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நிறுவனங்களின் விதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், பயணத்தின் முக்கியமான பகுதியைச் சுமக்கும் நிறுவனத்தின் விதி முழுப் பயணத்துக்கும் செல்லும். கோட்ஷேர் விமானத்தில், விற்றவரின் விதியே செல்லும் என்று ஓட்டுகிற நிறுவனம் அறிவித்திருந்தாலொழிய, ஓட்டுகிற நிறுவனத்தின் விதியைப் பார்ப்பார்கள். அமெரிக்காவுக்குப் போகும் டிக்கெட்டுகளுக்கு அந்நாட்டு அரசே தனி விதி வைத்திருக்கிறது. அதன்படி, பயணத்தின் தொடக்கத்தில் எந்த அளவும் கட்டணமும் பொருந்துகிறதோ, அதுவே கடைசிவரை பொருந்த வேண்டும். இத்தனை விதிகளையும் நீ மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் பார்த்து முடிவுசெய்த அளவுதான் உன் டிக்கெட்டின் பேக்கேஜ் கட்டத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் நேராக அச்சாகியிருக்கிறது. அந்தத் தாள்தான் உன் சாட்சி. அச்சடித்துக் கையில் வைத்துக்கொள். போனில் இருக்கிறது என்று விட்டுவிடாதே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சங்கராபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் வளைகுடா வேலைக்குப் போனான். ஒரே டிக்கெட்டில் உள்நாட்டு விமானம் ஒன்று, வெளிநாட்டு விமானம் ஒன்று. முதல் விமானத்தை ஓட்டிய நிறுவனத்தின் கவுண்டரில், உள்நாட்டுப் பயணத்துக்கு 15 கிலோதான் என்று மிச்ச எடைக்கெல்லாம் பணம் கேட்டார்கள். அவன் டிக்கெட்டிலோ கடைசிவரைக்கும் 30 கிலோ என்று எழுதியிருந்தது. தாள் கையில் இல்லை, கேட்கவும் கூச்சம். அம்மா கொடுத்தனுப்பிய பணத்தில் கட்டிவிட்டு ஏறினான். திரும்ப வாங்கிக்கொடுக்க நான் கேட்டபோது, முதலில் ரசீது எங்கே என்றார்கள். அவனிடம் ரசீது இல்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேள். “எந்த நிறுவனத்தின் விதிப்படி கேட்கிறீர்கள்? என் டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? இந்தப் பணம் மெல்போர்ன் வரைக்குமா, சிங்கப்பூர் வரைக்குமா?” நிதானமாக, மரியாதையாகக் கேள். கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம், மேலாளரைக் கூப்பிடச் சொல். கட்டியே ஆக வேண்டும் என்றால் கட்டு, விமானத்தைத் தவறவிடாதே. ஆனால் எத்தனை கிலோவுக்கு, எந்த விமானத்துக்கு என்று எழுதிய ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே.

அதைவிட நல்லது, அங்கே கட்டும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வது. கூடுதல் எடை தேவையென்றால் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குவது கவுண்டரில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. கோட்ஷேர் டிக்கெட்டில் இதை ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் வாங்க முடியாமல் போகலாம். அப்போது டிக்கெட்டை விற்ற நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். பேசியதை மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொள். உன்னோடு அதே விமானத்தில் வருகிறவர் ஸ்கூட் தளத்தில் நேரடியாக மலிவு டிக்கெட் வாங்கியிருந்தால், அவர் பைக்குத் தனியாகப் பணம் கட்டியிருப்பார். பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஆனால் வேறு வேறு ஒப்பந்தம். அவர் சொல்வதைக் கேட்டு நீ குழம்பாதே.

உன் இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருப்பது பெரிய நிம்மதி. சில பிள்ளைகள் பணம் மிச்சமாகும் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்குகிறார்கள். அப்படி வாங்கினால் நடுவில் பையை எடுத்து மறுபடியும் போட வேண்டிவரும், எடை அளவும் இரண்டு விதமாகிவிடும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. உனக்கு அந்தத் தொல்லை இல்லை. திருச்சியிலேயே பையை மெல்போர்னுக்குப் போடச் சொல். அவர்கள் ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக எம்.இ.எல் என்று இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். எஸ்.ஐ.என் என்று மட்டும் இருந்தால் பை சிங்கப்பூரோடு நின்றுவிடும். அங்கேயே சொல்லி மாற்று. அந்தச் சீட்டின் துண்டைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்.

எடையை ஊரிலேயே பார்த்துவிடு. புளியும் கடுக்காயும் நிறுக்கிற லேம்ப் கூட்டுறவுச் சங்கத்துத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும். கைப்பையை ஏழு கிலோவுக்குள் கட்டு. பல நிறுவனங்களின் அளவு அதுதான். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பையில் போடக் கூடாது. கொப்பரையும் கற்பூரமும் எந்தப் பையிலும் வேண்டாம், இரண்டும் தீப்பற்றக்கூடிய பொருள்கள். அக்கா சாமை அரிசியும் மலைத்தேனும் கொடுத்தனுப்ப ஆசைப்படுவாள். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளுக்கும் விதைக்கும் கட்டுப்பாடு கடுமை. கொண்டுபோகும் எல்லாவற்றையும் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம் உண்டு, மாணவர் விசாவையே ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. முளைக்கக்கூடிய விதை எதையும் எடுத்துப் போகாதே.

இவ்வளவுக்குப் பிறகும் பை வராமல் போனால் பயப்படாதே. மெல்போர்ன் விமான நிலையத்தை விட்டு வெளியே போவதற்கு முன்பே பேக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர் என்ற புகார்த் தாளை எழுதிக் கொடுத்து நகல் வாங்கு. 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா மூன்று நாடுகளும் இருக்கின்றன. அதன்படி சேதமான பைக்கு ஏழு நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பைக்கு அது கைக்கு வந்ததிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். கோட்ஷேர் பயணிக்கு அதில் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. டிக்கெட்டை விற்றவர், விமானத்தை ஓட்டியவர் ஆகிய இருவரில் யாரிடம் முறையிட்டாலும் அது செல்லும். “அவர்களைக் கேள்” என்று உன்னை அலைக்கழிக்க முடியாது. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் என்ற சர்வதேசப் பண அலகு. நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அது உச்சவரம்புதான், உன் இழப்பை நீ காட்ட வேண்டும். ஆகவே பையைப் பூட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து வை. சான்றிதழ், மருந்து, ஒரு மாற்று உடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

மலர், மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி 1976-ல்தான் முடிந்தது. அதுவரை நம் ஆட்கள் எவ்வளவு கட்ட வேண்டும், எதற்காகக் கட்ட வேண்டும் என்பதை மற்றவர்களே சொன்னார்கள். கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்ற பயம் அந்தக் காலத்திலிருந்து நம் வீடுகளில் தங்கிவிட்டது. கேட்ட பணத்தைப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் அறிவில்லாதவர்கள் அல்ல. தாளைப் படித்துக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உனக்கு நான் சொல்கிறேன். நீ வாங்கிய டிக்கெட் உன் ஒப்பந்தம். அதில் எழுதியிருப்பதைக் கேட்பது உன் உரிமை. மெல்போர்னில் வாடகை ஒப்பந்தம், பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாவற்றிலும் இதே பழக்கம் உன்னைக் காக்கும். யாருக்குக் கொடுக்கிறோம், எந்த விதிப்படி கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடு.

மலைப்பாதையில் மழை பெய்தால் வண்டி தாமதமாகும். அதனால் முந்தின நாளே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி நம் வீட்டில் தங்கு. வெளிநாட்டு விமானத்துக்குக் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். நாம் மூன்று மணி நேரம் முன்னதாகவே திருச்சியில் இருப்போம். நானும் வருகிறேன், ஆனால் உள்ளே நீதான் தனியாகப் போக வேண்டும். இந்த வாரமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு மின்னஞ்சல் எழுதி, இரண்டு விமானங்களுக்கும் பை அளவு என்ன, ஸ்கூட்டின் பி.என்.ஆர் என்ன என்று கேள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம். நன்றாகப் படி, தைரியமாக இரு.

உன் அன்பு மாமா,
கள்ளக்குறிச்சி